கல்லறையும் வரலாற்று மூலமே: கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்ட இடுகாடுகளை முன்வைத்து

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் காலனிய அரசின் ஆண்டறிக்கைகளையும் தொழிலாளர் துறைப் பதிவுகளையும் குடிநுழைவுக் கணக்குகளையுமே முதன்மைச் சான்றுகளாகக் கொள்கின்றனர். இத்துறையில் இன்றும் அடிப்படை நூலாக விளங்கும் கெர்னியல் சிங் சந்துவின் 1969ஆம் ஆண்டு ஆய்வும் பெரிதும் அத்தகைய சான்றுகளின்மேல் எழுந்ததே. அவற்றின் பெறுமதியை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றில் தொழிலாளி ஓர் எண்ணாகவே இடம்பெறுகிறான். பெயரும் ஊரும் உறவும் உடைய மனிதனாக அவன் தோன்றுவது அரிது. இக்குறையை ஓரளவேனும் நிறைவுசெய்யவல்ல சான்றாகத் தோட்ட இடுகாடுகளைக் கொள்ள இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நிலமும் மக்களும்

1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. காப்பி பயிரிட்ட நிலங்கள் இரப்பருக்கு மாறியபோது கிள்ளான், கோலா லங்காட் வட்டாரங்கள் தமிழ்த் தொழிலாளரை மிகுதியாக ஈர்த்தன. 1907இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி ஆட்சேர்ப்புக்கு உதவியது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தபின் கங்காணிமுறை மேலோங்கிற்று. 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு அதுவும் ஓய்ந்தது.

இதே பள்ளத்தாக்கின் மற்றொரு முனையாகிய பிரிக்ஃபீல்ட்ஸின் நிலை வேறு. இருப்புப்பாதைத் துறையில் எழுத்தர்களாகப் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர் அங்குக் கோயிலும் சங்கமும் அமைத்தனர். ஆண்டு மலர்களும் குடும்ப வரலாறுகளும் எழுதிவைத்தனர். எழுத்தறிவு வாய்த்தோர் தம் வரலாற்றைத் தாளில் விட்டுச் சென்றனர். தோட்டத்தார்க்கு வாய்த்த தாள் பெரும்பாலும் கிராணியின் செக்குரோல் புத்தகமே. அவர்கள் தாமே முன்வந்து எழுதுவித்தது எங்கேனும் எஞ்சியிருப்பின், அது கோயிற் சுவரிலும் கல்லறையிலுமே எஞ்சியுள்ளது.

கல்லறை கூறுவன

இந்துக்கள் பிணத்தை எரிப்பர் என்னும் பொதுக்கருத்து தோட்டங்களுக்கு முழுமையாகப் பொருந்துவதன்று. தமிழகக் கிராமங்களில் பல சமூகத்தார் புதைக்கும் வழக்கினர். குழந்தைகளைப் புதைப்பதோ பெருவழக்கு. அவ்வழக்கே கடல்கடந்தும் தொடர்ந்தது.

தமிழ் எழுதிய கல்லறையில் நாம் தேடவேண்டியவை பெயர், ஊர், நாள், கல்லை எழுப்பியவர் ஆகிய நான்கு. மாவட்டம், வட்டம், சிற்றூர் என விரியும் ஊர்க்குறிப்பு கிடைக்குமாயின், திருச்சி, சேலம், வடஆர்க்காடு எனப் பொதுப்படச் சொல்லப்படும் புலப்பெயர்வைச் சிற்றூர் அளவில் வரையறுக்க அது துணைசெய்யும்.

இறந்தோரின் பெயரையும் ஊரையும் கல்லில் பொறிப்பது தமிழர்க்குப் புதியதன்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள் அம்மரபின் தொன்மையைக் காட்டுவன. எனினும் ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது. நடுகல் வீரனுக்கு எழுந்தது. தோட்டக் கல்லறையோ பால்மரம் சீவியவனுக்கு அவன் மக்கள் எழுப்பியது.

நாளைக் கணிப்பதில் விழிப்பு வேண்டும். ஒரு கல்லில் ‘ஜய வருடம், மாசி மாதம்’ என்று மட்டும் இருப்பதாகக் கொள்வோம். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை மீள்வன ஆதலின், அது 1894-95, 1954-55, 2014-15 ஆகிய மூன்றனுள் எதுவாகவும் இருக்கலாம். 1954-55 எனத் துணிந்தாலும், ஆண்டு சித்திரையில் பிறப்பதால் அதன் மாசி 1955க்கு உரியதே. 1954 எனக் குறிப்பது பிழை. கல்லின் பொருளும் எழுத்தின் வடிவமும் இங்குக் கைகொடுக்கும். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட ணை, லை, னை வடிவங்கள் இருப்பின், கல் மிக அண்மைக் காலத்ததாக இருத்தல் அரிது.

எழுத்துப்பிழைகளைத் திருத்தாது எழுத்துக்கு எழுத்து படியெடுத்தல் வேண்டும் என்பதைத் தமிழாசிரியர்க்கு வலியுறுத்திக் கூற விரும்புகிறோம். நமக்குப் பிழையாகத் தோன்றுவது வட்டார வழக்கின் ஒலிவடிவமாக இருக்கலாம்.

கல்லறை கூறாதன

கல் எழுப்புவதற்குப் பொருள் வேண்டும்; எழுதுவிப்பதற்கு எழுத்தறிந்தார் வேண்டும். எனவே இடுகாட்டில் நாம் காணும் கற்கள் மாண்டோர் அனைவரையும் காட்டமாட்டா. கிள்ளானுக்குத் தெற்கே, செம்பனைக்கு மாறிய ஒரு தோட்டத்தின் இடுகாட்டிற்கு மாணவர் சிலருடன் சென்றிருந்தோம். உடன்வந்த மூதாட்டி ஒருவர் புல் மூடிய சமநிலத்தைச் சுட்டி, தம் உடன்பிறந்தார் இருவர் அங்குக் கிடப்பதாகக் கூறினார். அவ்விடத்தில் மேடும் இல்லை; கல்லும் இல்லை. மாணவர் வரைந்த நிலப்படத்தில் அவ்விடம் வெற்றிடமாகவே இருந்தது. அவர் சொல்லைக் கேட்டபின்னரே அங்கு இரு புள்ளிகள் இடப்பட்டன.

இவ்வெற்றிடங்களுக்கு மருத்துவ வரலாற்றில் விடையுண்டு. 1901இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களின் நீரை வடித்து நகரத்தின் மலேரியாவைக் கட்டுப்படுத்தினார். ஆயினும் அதே முறை மேட்டுநிலத் தோட்டங்களில் பயன்படவில்லை. காடழித்தபின் வெயில்படும் தெளிந்த ஓடைகளில் வேறோர் இனக் கொசு பெருகியதே காரணம். புதிதாகத் திருத்திய மேட்டுநிலங்களில் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளும் பெருமளவில் மாண்டனர். இரப்பர் வளர்ச்சியின் இவ்விலையை அறிக்கைகள் விழுக்காட்டில் கூறும்; பெயரில்லா மண்மேடுகள் இடத்தில் காட்டும்.

இடுகாட்டிலேயே இடம்பெறாதோரும் உளர். 1942-43இல் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழருள் திரும்பாதோர் பலர். அவர்தம் குடும்பத்தார்க்குப் பால் தெளிக்கவும் மண் இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் எழுந்தமைக்கு இவ்வில்லாமையும் ஒரு காரணம் எனலாம்.

அழிவும் கடமையும்

எஃபிங்ஹாம் தோட்ட நிலத்தில் 1950களில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. சீபில்டு தோட்ட நிலத்தில் 1976 முதல் சுபாங் ஜெயா எழுந்தது. தோட்டம் துண்டாடப்படும்போது கோயிலுக்காகவும் பள்ளிக்காகவும் குரல் கொடுக்க மக்கள் உளர். இடுகாட்டுக்கு அவ்வாறு குரல் எழுவது அரிது. உறவினர் பல ஊர்களுக்குச் சிதறிவிடுகின்றனர். உரிமைநிலையும் இதற்குக் காரணம். கோலாலம்பூரில் 1895இல் தோன்றிய குவாங் தோங் இடுகாட்டைப் பேணச் சங்கம் உண்டு. தோட்ட இடுகாடோ பொதுவாக நிறுவன நிலத்தின் ஒரு மூலை. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்கீழ் பொதுநோக்கத்திற்கென ஒதுக்கப்படாதவரை, நிலம் கைமாறுங்கால் அதுவும் கைமாறும்.

எல்லாவற்றையும் காக்க இயலாது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். சிங்கப்பூரில் புக்கிட் பிரவுன் இடுகாட்டின் ஊடே சாலை அமைக்கும் திட்டம் 2011இல் அறிவிக்கப்பட்டது. அங்கு ஏறத்தாழ 4,000 கல்லறைகள் அகற்றப்படுமுன் மானிடவியலறிஞர் ஹுய் யூ-ஃபூங் தலைமையில் ஆவணப்படுத்தப்பட்டன. நிலம் போயிற்று; பதிவு நின்றது.

நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களால் இயன்ற பணி இது. காலை வெயில் சாய்வாக விழும்போது கல்லைப் படமெடுத்தல், படியெடுத்தல், நிலப்படம் வரைதல், எஞ்சியுள்ள முதியோரிடம் கல்லில்லாக் குழிகளைக் கேட்டறிதல், அவற்றைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டோடும் கோயில் நன்கொடைப் பலகைகளோடும் ஒப்பிடுதல் ஆகியவை போதும். சுண்ணம் பூசியோ கூரிய கருவியால் சுரண்டியோ எழுத்தைத் தெளிவாக்க முனைதல் கூடாது. குடும்பத்தாரின் இசைவும் வேண்டும்.

முடிவுரை

கல்லறை தனித்து நின்று வரலாறு கூறாது. அறிக்கையோடும் நினைவோடும் இணைத்துப் படிக்கும்போதே கூறும். அம்மூன்றனுள் அறிக்கை ஆவணக்காப்பகத்தில் காத்திருக்கும். கல் மேம்பாட்டாளரின் இயந்திரம் வரும்வரை நிற்கும். கல்லில்லாக் குழிகளைச் சுட்டிக்காட்டவல்ல நினைவோ அதுவரையும் நில்லாது. ஆதலின் பணியை முதியோரிடமிருந்தே தொடங்குதல் தகும்.