நிக்காஹ்வுக்குப் பின் பெண்ணின் பெயர்: பாஸ்போர்ட்டும் விசாவும் மார்க்கமும்



நம் ஊர்ப் பக்கம் வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு மாத விடுப்பில் வருவார். நிக்காஹ் நடக்கும், விருந்து முடியும், அவர் திரும்பிப் போய்விடுவார். மனைவியை அழைத்துக்கொள்ளும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். அப்போது நம்மிடம் வரும் கேள்வி இது: "ஹஜ்ரத், பொண்ணு பேருக்குப் பின்னாடி மாப்பிள்ளை பேரைச் சேர்த்தாதான் ஃபேமிலி விசா கிடைக்கும்னு சொல்றாங்க. சேர்க்கலாமா?"

சேர்க்க வேண்டிய கட்டாயம் இந்தியச் சட்டத்தில் இல்லை. மார்க்கத்திலும் இல்லை. பிறகு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

நம் இனிஷியல் பழக்கத்திலிருந்துதான் வந்தது. தமிழர்களான நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பெயருக்கு முன்னால் தந்தையின் முதல் எழுத்து, அவ்வளவுதான். கல்யாணம் ஆனதும் பெண்ணுக்கு அந்த எழுத்தை மாற்றிக் கணவரின் எழுத்தைப் போடுகிறோம். பத்திரிகையிலும் ரேஷன் கார்டிலும் அது ஒரு எழுத்து மாற்றம் மட்டுமே. பாஸ்போர்ட்டில் அப்படியல்ல. அங்கே இனிஷியலை விரித்து முழுப் பெயராக எழுத வேண்டும். 'அ. ஆயிஷா' என்பவர் 'ஆயிஷா அப்துல் காதர்' ஆவார். கல்யாணத்துக்குப் பின் 'மு. ஆயிஷா' என்று ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மாற்றிக்கொண்டவர், பாஸ்போர்ட்டுக்குப் போகும்போது 'ஆயிஷா முஹம்மது யூசுஃப்' ஆகிவிடுகிறார். ஒரு எழுத்து மாறியது என்று வீட்டில் நினைக்கிறார்கள். விசா அதிகாரிக்கோ அது வேறொரு பெண்ணின் பெயர்.

மார்க்கத்தின் பக்கம் பார்ப்போம். ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் வளர்த்ததால், மக்கள் அவரை ஸைத் பின் முஹம்மது என்றே அழைத்து வந்தார்கள். வளர்ப்புப் பிள்ளைகளைப் பெற்ற தந்தையோடு சேர்த்தே அழைக்க வேண்டும் என்ற கட்டளை சூரா அல்அஹ்ஸாபின் 5ஆம் வசனமாக இறங்கியதும், அவர் மீண்டும் ஸைத் பின் ஹாரிஸா ஆனார். நபியவர்களைவிடச் சிறந்த கணவர் யார் இருக்க முடியும்? ஆனாலும் அவர்களின் மனைவியர் வரலாற்றில் கதீஜா பின்த் குவைலித், ஆயிஷா பின்த் அபீபக்ர், ஹஃப்ஸா பின்த் உமர் (ரலி) என்றே நிற்கிறார்கள்.

கணவர் பெயரை எங்குமே எழுதக் கூடாதா என்று சிலர் அஞ்சுகிறார்கள். அப்படி இல்லை. நூஹ் (அலை), லூத் (அலை), ஃபிர்அவ்ன் ஆகியோரின் மனைவியரை 'இன்னாரின் மனைவி' என்றுதான் குர்ஆனே (66:10, 11) குறிப்பிடுகிறது. அது அடையாளம் சொல்வது. வம்சம் சொல்வது அல்ல. தடை இருப்பது தந்தைவழியை மறைத்து வேறொருவரோடு தன்னை இணைத்துக்கொள்வதில்தான். உலமாக்களில் ஒரு சாரார் அடையாளத்துக்காகக் கணவர் பெயரைச் சேர்ப்பதை அனுமதிக்கிறார்கள், மற்றொரு சாரார் அதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஆகவே ஏற்கெனவே சேர்த்துவிட்ட சகோதரிகள் பெரும் பாவம் செய்துவிட்டதாகக் கலங்க வேண்டாம். இனிமேல் சேர்ப்பவர்களுக்குத்தான் நாம் வேண்டாம் என்கிறோம். தந்தை பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கணவர் பெயரை வைப்பதை நாம் கண்டிப்பாகவே வேண்டாம் என்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், நாம் யாருடைய விசாவுக்காகப் பெயரை மாற்றுகிறோமோ அந்த அரபு நாட்டுப் பெண்கள் கல்யாணத்துக்குப் பின் பெயரை மாற்றுவதில்லை. மலேசியாவில் முஸ்லிம் பெண் இன்னாரின் 'பிந்தி'யாகவே கடைசி வரை இருக்கிறார். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் சட்டப்படி மனைவி தன் சொந்தப் பெயரில்தான் இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் பெண்ணின் பெயர் என்பது ஒரு கட்டம், கணவரின் பெயர் என்பது இன்னொரு கட்டம். முதல் கட்டத்தைத் தொடாமலே இரண்டாவதை நிரப்பலாம். அதற்கு பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்ய விண்ணப்பிக்க வேண்டும். திருமணச் சான்றிதழ் அல்லது தம்பதியர் இருவரும் சேர்ந்த புகைப்படத்துடன் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழி போதும். கல்யாணத்துக்குப் பின் பெண்கள் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றத் தேவையில்லை என்று 2017 ஏப்ரலில் பிரதமரே அறிவித்தார்.

2022 நவம்பரில் வந்த குழப்பம் பலருக்கு நினைவிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து மற்ற கட்டம் காலியாக இருந்தால், சுற்றுலா மற்றும் விசிட் விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. நம் பெண்களில் ஏராளமானோரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலிதான். பதறிப்போய்க் கணவர் பெயரை அங்கே நிரப்பியவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்போம் என்று சில நாட்களிலேயே விளக்கம் வந்தது. காலிக் கட்டத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் தந்தையின் பெயரை எழுதுங்கள். பள்ளிச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் அதற்குச் சாட்சி நிற்கும்.

கணவன் மனைவி என்பதை நிரூபிப்பது பெயர் அல்ல, திருமணச் சான்றிதழ். இதில்தான் நம் குடும்பங்கள் அசட்டையாக இருக்கின்றன. ஜமாஅத் தஃப்தரில் எழுதிவிட்டோமே என்று இருந்துவிடுகிறார்கள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். நிக்காஹ் நடந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாட்கள். மாப்பிள்ளையின் விடுப்போ 30 நாள். அவர் விமானம் ஏறிவிட்டால் சார்பதிவாளர் முன் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்? வலீமா முடிந்த அதே வாரத்தில் பதிந்துவிடுங்கள். ஜமாஅத் சான்றிதழ் அந்தப் பதிவுக்கு ஆதாரமாக உதவும். வெளிநாட்டுக்கு எடுத்துப்போகும் தாள் சார்பதிவாளர் தருவதுதான். மாநில அரசின் சான்றொப்பத்துக்குப் பின் அது வெளியுறவு அமைச்சகத்துக்குப் போகும். சவூதி, ஓமன், பஹ்ரைன் போன்ற நாடுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை. ஐக்கிய அரபு அமீரகம், குவைத் போன்றவற்றுக்கு அமைச்சகத்தின் சான்றொப்பமும் அதன்மேல் அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும்.

விசா வேலை நடந்துகொண்டிருக்கும்போது பாஸ்போர்ட்டில் கை வைக்காதீர்கள். மறுவெளியீடு என்றால் பாஸ்போர்ட் எண்ணே மாறும். பழைய எண்ணில் போட்ட விண்ணப்பமும் அனுமதியும் புதிய புத்தகத்தோடு ஒட்டாது. கணவர் பெயரைச் சேர்ப்பதென்றால் விண்ணப்பிக்கும் முன் சேருங்கள். இல்லையேல் போய்ச் சேர்ந்த பின் அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகச் செய்துகொள்ளுங்கள். பெயரை ஏற்கெனவே மாற்றியிருந்தால் பழைய பெயரை மறைக்க வேண்டாம். அமெரிக்க விசாப் படிவம் முன்பு பயன்படுத்திய பெயர்களைத் தனியாகவே கேட்கிறது.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. பாத்திமா என்ற பெயர் ஒரு தாளில் ஆங்கில 'எஃப்' எழுத்திலும் இன்னொன்றில் 'பி' எழுத்திலும் தொடங்கும். பீவி, பேகம், பானு எல்லாம் ஒரு தாளில் இருக்கும், மற்றதில் இருக்காது. கூடவே நம் மாவட்டத்தின் கதை வேறு. 1993க்கு முன் பிறந்தவர் சான்றிதழில் தென்னாற்காடு, பள்ளியில் விழுப்புரம், 2019க்குப் பின் எடுத்த தாளில் கள்ளக்குறிச்சி. மாவட்டம் பிரிந்ததே தவிர ஊர் இடம் மாறவில்லை. பழைய சான்றிதழைத் திருத்த ஓடாமல், கேட்டால் இந்த விவரத்தைச் சொன்னால் போதும்.

விசாவைத் தாண்டியும் விஷயம் இருக்கிறது. தந்தை மவுத்தான பின் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது, மகளின் பெயரில் தந்தையின் பெயரே இல்லையென்றால், அவள்தான் இவள் என்று நிரூபிக்கும் சுமை அவள் தலையில் விழும். அல்லாஹ் அவளுக்கு நிர்ணயித்த பங்கைத் தர மனமில்லாத சகோதரர்களுக்கு அது நல்ல சாக்கு. தலாக்கோ குல்உவோ ஆகிவிட்டால் நிலைமை இன்னும் சங்கடம். கணவர் பெயர் தனிக் கட்டத்தில் இருந்தால் அடுத்த மறுவெளியீட்டில் நீக்கிவிடலாம். 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தியபோது, பிரிந்தவர்கள் கணவர் பெயரைக் குறிப்பிடத் தேவையில்லை என்றும் தீர்ப்பு நகல் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். பெண்ணின் சொந்தப் பெயருக்குள்ளேயே அவர் பெயர் இருந்தால், பெயர் மாற்றத்துக்கு விளம்பரம், அரசிதழ் என்று அலைய வேண்டும். மறுமணம் என்றால் மீண்டும் ஒரு சுற்று.

தஃப்தர் எழுதும் இமாம்களுக்கும் முத்தவல்லிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நிக்காஹ்வுக்கு இரண்டு நாள் முன்பே மணமக்கள் இருவரின் பாஸ்போர்ட் நகலையும் வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட் இல்லாத பெண்ணுக்குப் பள்ளிச் சான்றிதழ் நகல். அதில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே தஃப்தரில் எழுதி, கையெழுத்துக்கு முன் பெண் வீட்டாரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.