பேரனின் ரிப்போர்ட்டில் ஒரு நட்சத்திரக் குறி



என் பேரன் பிறந்த கதை உங்களில் சிலருக்குத் தெரியும். மகளுக்கு பி.பி. ஏறியதால் 30ஆவது வாரத்திலேயே ஆபரேஷன். எடை 1 கிலோ 200 கிராம். மறுநாள் வந்த இரத்தப் பரிசோதனைத் தாளில் வெள்ளை அணுக்களுக்கு எதிரே ஒரு நட்சத்திரக் குறி. இயல்பைவிடக் குறைவாம். அன்றிரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. இயல்பு எவ்வளவு என்று யார், எப்போது முடிவு செய்தார்கள்? வாத்தியார் புத்தி போகுமா, பிறகு தேடிப் படித்தேன்.

வெள்ளை அணுக்களுக்குச் சாயமேற்றி வகை பிரித்தவர் ஜெர்மனியின் பால் எர்லிக், 1879 வாக்கில். அதில் ஒரு வகைதான் நியூட்ரோபில். கிருமி நுழைந்தால் முதலில் ஓடிவரும் காவல்காரன். பச்சிளம் குழந்தைக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். அதனால்தான் டாக்டர்கள் இந்த எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள்.

1979இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் மன்ரோ குழுவினர் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார்கள். பிறந்த சில மணி நேரத்தில் எண்ணிக்கை ஏறி, பிறகு இறங்கும். ஆகவே எத்தனையாவது மணி என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நல்ல வேலைதான். ஆனால் ஒன்றரை கிலோவுக்கும் குறைந்த பொடிசுகளுக்கு அது பொருந்தவில்லை. அவர்களுக்குக் கீழ் எல்லை இன்னும் தாழ்வானது என்று அதே ஊரில் மவுசின்ஹோ குழுவினர் சொன்னது 1994இல். பதினைந்து வருடம்! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு வினாத்தாள் கொடுத்து ஃபெயில் போட்ட மாதிரி. (நானும் போட்டிருக்கிறேன்.)

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 1989இல் கேனிக், கிறிஸ்டென்சன் இருவரும் எழுதிய கட்டுரை. தாய்க்கு இரத்த அழுத்தம் இருந்தால் குழந்தையின் உடலில் நியூட்ரோபில் உற்பத்தியே குறைகிறது; பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். ஆனால் அந்த நாட்களில் தொற்று எளிதில் ஒட்டிக்கொள்ளலாம் என்பதால் குறியை அலட்சியப்படுத்தவும் கூடாது. எங்கள் டாக்டரம்மாவும் அன்று இதைத்தான் சொன்னார்: "அம்மாவோட பி.பி.யாலயும் இப்படி வரும், கவனமா பார்த்துக்கிட்டே இருப்போம்." பதற்றத்தில் என் காதில் ஏறவில்லை.

2008இல் யூட்டா மாநிலத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகளை வைத்துப் புது அட்டவணை போட்டார்கள். அதில் மேல் எல்லை டல்லஸைவிட அதிகம். அது உயரமான மலைப்பிரதேசம் என்பது காரணமாக இருக்கலாமாம்.

ஐந்தாம் நாள் தாளில் நட்சத்திரம் இல்லை. பையனுக்கு இப்போது பத்து மாதம். போன வாரம் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி ஒரு காலை ஒடித்துவிட்டான். பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை டைப் செய்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.