ஒதுக்கிய பணம் ஏன் வீடாகவில்லை? வீட்டுத்திட்ட நிதி வரும் வழி

எங்கள் வீட்டின் சுவர் 2019இன் கடைசியில் யன்னல் உயரத்துக்கு எழும்பியது. அதற்கு மேல் எழும்பவில்லை. மூன்றாம் தவணை வரும் என்று கடன்பட்டு வாங்கிய சீமெந்து மூட்டைகள் கட்டியாகிப் போயின. இன்றும் நாங்கள் படுப்பது பக்கத்தில் உள்ள தகரக் கொட்டிலில்தான். என்னைப் போன்றவர்கள் வன்னியில் ஏராளம். ஆகவே இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. பாராளுமன்றத்தில் வாசிக்கப்படும் தொகை எங்கள் வங்கிப் புத்தகத்துக்கு வந்து சேரும் வழியை, ஏழெட்டு வருடம் அலைந்து நான் விளங்கிக் கொண்டவரை எழுதுகிறேன்.

வரவு செலவுத்திட்ட உரையில் "வடக்கு, கிழக்கு வீடமைப்புக்கு இவ்வளவு" என்று நிதி அமைச்சர் சொன்னதும் பத்திரிகைகள் அதைத் தலைப்பாக்கும். அது பணமல்ல, செலவழிக்க அனுமதி. ஒதுக்கீட்டுச் சட்டமூலம் குழுநிலை விவாதம் கடந்து நிறைவேறிய பிறகு தொகை ஒரு அமைச்சின் தலைப்பின் கீழ் வரும். அந்த அமைச்சு கேட்கும்போது திறைசேரி தன்னிடம் காசு இருந்தால் கட்டம் கட்டமாக விடுவிக்கும். அது மாவட்ட செயலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் போய், தொழில்நுட்ப அலுவலர் வந்து சுவரை அளந்து ஒப்பமிட்ட பிறகே எங்கள் கணக்கில் விழும். நிதியாண்டு டிசெம்பர் 31உடன் முடிகிறது. அதற்குள் விடுவிக்கப்படாத ஒதுக்கீடு அந்த ஆண்டோடு காலாவதியாகும். அடுத்த ஆண்டு மீண்டும் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி எல்லாம் மீண்டெழும் செலவு. அவற்றை நிறுத்த முடியாது. வீடு மூலதனச் செலவு. வருமானம் குறைந்தால் முதலில் வெட்டு விழுவது மூலதனச் செலவில்தான். எங்கள் தவணை எப்போதும் வெட்டக்கூடிய பக்கத்திலேயே இருக்கிறது.

2019 நவம்பரில் ஆட்சி மாறியது. 2020ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத்திட்டம் உரிய காலத்தில் நிறைவேறவில்லை. நாடு இடைக்கால ஏற்பாடுகளில் ஓடியது. முன்னைய ஆட்சி தொடங்கிவைத்த வீடுகள் அத்திவாரத்திலும் அரைச்சுவரிலும் நின்றன. பிறகு கொரோனா, அதன்பின் பொருளாதார நெருக்கடி. 2021 தொடக்கத்தில் ஏறத்தாழ 1,000 ரூபாவாக இருந்த சீமெந்து மூட்டை 2022 நடுப்பகுதியில் 3,000 ரூபா அளவுக்குப் போனது. பழைய மதிப்பீட்டின்படி நிலுவையைத் தந்தாலும் கூரை போட முடியாது. இதை விளங்கப்படுத்தினால் அலுவலகங்களில் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

உதவித் தொகையும் காலத்துக்குக் காலம் வேறு. உலக வங்கியின் வடகிழக்கு வீடமைப்புத் திட்டம் ஒரு வீட்டுக்கு முதலில் இரண்டரை இலட்சமும் பிறகு 3,25,000 ரூபாவும் தந்தது. இந்திய வீட்டுத்திட்டம் தந்தது ஐந்தரை இலட்சம். அதில் வடக்கு, கிழக்குக்கு 46,000 வீடுகள், மலையகத்துக்கு 4,000. அதன் பணம் எங்கள் வரவு செலவுத்திட்டத்தில் தங்கியிருக்கவில்லை. இந்தியாவின் கொடை, பயனாளியின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வந்தது. பெரும்பாலான இந்தியத் திட்ட வீடுகள் முடிந்து, அரச திட்ட வீடுகள் பல பாதியில் நிற்பதற்கு ஒரு காரணம் இதுவென்பது என் எண்ணம். ஆனால் ஐந்தரை இலட்சம் போதாமல் நகை அடகு வைத்தவர்கள், நுண்கடனில் மாட்டியவர்கள் அங்கும் உண்டு. குடும்பத்தில் உழைக்கும் ஆள் இல்லாத பெண்கள் மேசனுக்கும் கூலி, மண் ஏற்றுவதற்கும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. 'நீங்களே கட்டுங்கள்' என்ற முறை கைகால் உள்ளவர்களுக்கே ஏற்றது.

2016 அளவில் பேசப்பட்ட 65,000 உருக்கு வீடுகளைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாம், எங்கள் வெயிலுக்கு இரும்புப் பெட்டி வேண்டாம், உள்ளூர் மேசனுக்கும் வேலையில்லை என்று எதிர்ப்பு எழுந்தது. திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தது சரிதான். ஆனால் அந்தப் பணம் அப்படியே கல்வீடாக மாறி எங்களிடம் வரவில்லை. அது வெளிநாட்டுக் கடனில் கட்ட இருந்த திட்டம், கடன் இல்லையேல் பணமும் இல்லை.

இதில் காணி இல்லாதவர்களின் பாடு தனி. உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதவரின் பெயர் பட்டியலில் ஏறாது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து நலன்புரி நிலையங்களில் தங்கியவர்களின் காணி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனபோது, எந்த ஒதுக்கீடும் அவர்களைத் தொடவில்லை.

சரி, செய்யக்கூடியது என்ன? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. "எனக்கு எப்போது பணம் வரும்?" என்று கேட்காதீர்கள், அது முறைப்பாடு. இப்படிக் கேளுங்கள்: இந்த ஆண்டு இந்தப் பிரிவுக்கு வீடமைப்புக்கு ஒதுக்கப்பட்ட தொகை, விடுவிக்கப்பட்ட தொகை, செலவான தொகை எவ்வளவு? எத்தனை வீடுகளுக்கு எந்தத் தவணை நிலுவை? 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அங்கேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன்பின் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

நான் கேட்டேன். வந்த பதில் அரைப் பக்கம். ஒதுக்கீடு ஒரு எண், விடுவிப்பு அதைவிடச் சிறிய இன்னொரு எண். அந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்து, அரைச்சுவர் வீட்டுக்காரர் எல்லோருடைய பெயரையும் ஒப்பத்தையும் சேர்த்து, எங்கள் மாவட்ட பாராளுமன்ற உறுப்பினர்களுக்குக் குழுநிலை விவாதத்துக்கு முன்னரே அனுப்பியிருக்கிறோம். கொட்டிலின் தகரத்தை மழைக்கு முன் மாற்ற வேண்டும், அதற்கும் காசு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.