ஜப்பானிய மேல்நிலைப் பள்ளிகளில் உணவு, ஊட்டச்சத்துக் கல்வி: பெண்பாற் பாடத்திலிருந்து பொதுப்பாடத்திற்கு

முன்னுரை

உணவு அனைவருக்கும் பொதுவானது. ஆயினும், உணவைப் பற்றிய அறிவு யாருக்குரியது என்பதைப் பள்ளிக் கலைத்திட்டமே வரையறுத்து வந்துள்ளது. ஜப்பானிய மேல்நிலைப் பள்ளிகளில் ஊட்டச்சத்து, 'கதேய்கா' எனப்படும் மனையியல் பாடத்தின் ஒரு பகுதியாகக் கற்பிக்கப்படுகிறது. அப்பாடம் பெண்களுக்கு மட்டும் கட்டாயமானதையும், பின்னர் இருபாலர்க்கும் பொதுவானதையும், அதன்பின் நேர்ந்த மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டாயமும் அதன் காரணமும்

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய கல்விச் சீர்திருத்தத்தில், மக்களாட்சிப் பண்புடைய குடும்பத்தை உருவாக்கும் நோக்குடன் 1947இல் மனையியல் புதிய பாடமாக அறிமுகமாயிற்று. தொடக்கப் பள்ளியின் 5, 6ஆம் வகுப்புகளில் இருபாலரும் அதனைப் பயின்றனர். பொருளாதாரம் விரைந்து வளர்ந்த காலத்தில் இப்பொதுமை மங்கியது. 1958ஆம் ஆண்டுக் கலைத்திட்டம் இடைநிலைப் பள்ளியில் ஆண்களுக்குத் தொழில்நுட்பத்தையும் பெண்களுக்கு மனையியலையும் பிரித்தளித்தது. மேல்நிலைப் பள்ளியில் 1960ஆம் ஆண்டுத் திருத்தம் பொதுப்பிரிவுப் பெண்களுக்கு மனையியலைக் கொள்கையளவில் கட்டாயமாக்கியது. 1970ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை எல்லாப் பெண்களுக்கும் விரித்து, 1973 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்களுக்கு உடற்கல்வி நேரம் கூடுதலாக ஒதுக்கப்பட்டது. இப்பாகுபாட்டிற்குப் 'பெண்களின் தனித்தன்மை' காரணமாகக் காட்டப்பட்டது.

பாடப்பொருளின் இயல்பு

பாடப்பொருளை நோக்கின் இக்காரணம் பொருந்தவில்லை. பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறும் நான்கு உணவுத் தொகுதி முறையைச் சான்றாகக் கொள்ளலாம். இதனை வகுத்த ககாவா அயா, வைட்டமின் பி1 குறைபாட்டால் வரும் பெரிபெரி நோயை ஆராய்ந்த மருத்துவர். பாலும் முட்டையும் முதல் தொகுதி. மீன், இறைச்சி, பயறு வகைகள் இரண்டாவது. காய், கிழங்கு, பழங்கள் மூன்றாவது. தானியம், சர்க்கரை, எண்ணெய் நான்காவது. 80 கிலோகலோரி ஒரு புள்ளியாகக் கணக்கிடப்படும். உண்பவர் எவராயினும் இக்கணக்கு ஒன்றே. வளரிளம் பருவத்து ஆண்களுக்கு ஆற்றல் தேவை மிகுதி. அவர்களே இக்கணக்கைக் கற்கும் வகுப்பிலிருந்து விலக்கப்பட்டனர். எனவே, 'தனித்தன்மை' என்பது பாடத்தின் இயல்பன்று. சமைப்பவர் யார் என்ற சமூக ஏற்பாட்டின் எதிரொலியே எனலாம்.

பொதுப்பாடமாதல்

கியோட்டோ மாகாண அரசு மேல்நிலைப் பள்ளிகள் 1973 முதலே இருபாலர்க்கும் மனையியலைக் கற்பித்தன. 1974இல் இச்சிகாவா ஃபுசாயே உள்ளிட்டோர் கூட்டுக்கல்வியை வலியுறுத்தும் அமைப்பைத் தொடங்கினர். ஆயினும், அரசின் நிலைப்பாடு மாறியதற்கு வெளிநெருக்கடியே உடனடிக் காரணம். பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையில் ஜப்பான் 1980இல் கையொப்பமிட்டது. அதன் 10ஆம் பிரிவு இருபாலர்க்கும் ஒரே கலைத்திட்டத்தைக் கோருகிறது. குடியுரிமைச் சட்டம், வேலைவாய்ப்புச் சமத்துவம் ஆகியவற்றுடன் மனையியல் பாடமும் உடன்படிக்கையை ஏற்பதற்குத் தடையாக நின்றது. 1985இல் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 1989ஆம் ஆண்டுக் கலைத்திட்டத்தின்படி 1994 முதல் மேல்நிலைப் பள்ளியில் இருபாலர்க்கும் 4 அலகுகள் கட்டாயமாயின. உள்நாட்டு இயக்கம் கோரிக்கையை உயிர்ப்புடன் காத்தது. உடன்படிக்கை அதற்குச் சட்ட வலிமை தந்தது.

முடிவுரை

இவ்வெற்றி முழுமையானதன்று. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் 2 அலகுகள் மட்டுமே கொண்ட 'மனையியல் அடிப்படை' என்ற பாடத்தைத் தெரிவாகச் சேர்த்தது. பல பள்ளிகள் அதனையே தேர்ந்தன. ஓர் அலகு என்பது 50 நிமிட வகுப்புகள் 35 ஆகும். ஆகவே, 140 வகுப்புகள் 70 ஆகக் குறைந்தன. அந்நேரத்திற்குள் உணவுடன் உடை, உறையுள், குழந்தை வளர்ப்பு, நுகர்வு ஆகியனவும் அடங்க வேண்டும். 2005இல் இயற்றப்பட்ட உணவுக்கல்வி அடிப்படைச் சட்டமோ, அறிவு, ஒழுக்கம், உடல் சார்ந்த கல்விகளுக்கெல்லாம் உணவுக்கல்வியே அடித்தளம் என்றது. பெண்களுக்குரியதாகக் கருதப்பட்டபோது நேரம் பெற்ற பாடம், அனைவர்க்கும் உரியதானபின் நேரத்தை இழந்தது. ஒரு பாடத்தைப் பொதுமையாக்குதலும் அதற்கு உரிய மதிப்பளித்தலும் வெவ்வேறு என்பதை இவ்வரலாறு புலப்படுத்துகிறது.