ஔவை இல்லம் தோன்றிய வரலாறு

பெற்றோர் நிழலை இழந்த குழந்தைக்கு ஊராரே உற்றாராதல் வேண்டும் என்பது மேடைதோறும் நாம் கேட்கும் சொல். அதனைச் செயலிற் காட்டுதல் எத்துணை அரிது என்பதைச் சென்னை ஔவை இல்லத்தின் வரலாற்றால் அறியலாம்.

அவ்வில்லத்தை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரித் தலைவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபினர். பருவமெய்தியதும், அக்கால வழக்கப்படி, அம்மையாரின் பள்ளிப் படிப்பு நின்றது. ஆயினும் பாடம் நிற்கவில்லை. வீட்டிலிருந்தே கற்று 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். ஆடவர் பயிலும் மன்னர் கல்லூரியில் இடம் வேண்டியபோது எதிர்ப்பு மூண்டது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆணையிட்ட பின்னரே கதவு திறந்தது. 1912-இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இவற்றை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அறிவு அவருடையதே. எனினும் வீட்டில் அமர்த்திப் பாடம் சொல்ல ஒருவரும், மூடிய கதவின் முன் அவர்பொருட்டுப் பேச ஒருவரும் இல்லாதிருந்தால் அவ்வறிவு அடுக்களையோடு முடிந்திருக்கும். தமக்குக் கிட்டிய இவ்விரண்டையுமே அம்மையார் பின்னாளில் பிறர் பெற்ற பெண்களுக்கு அளித்தார்.

1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில், பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தை அம்மையார் கொண்டுவந்தார். கோயில் ஊழியத்தோடு பிணைந்த மானிய நிலங்களை விடுவிக்கும் சட்டம் 1929-இல் நிறைவேறியது. இனி ஊழியம் செய்யாவிடினும் நிலம் பறிபோகாது. நன்று. ஆனால் அவ்வாழ்வு வேண்டாவென்று வெளியேறிய சிறுமி அன்றிரவு எங்கே உறங்குவாள்? சட்டத்தில் அதற்கு விடையில்லை.

அத்தகைய இளம்பெண்கள் அம்மையாரை நாடி அடைக்கலம் கேட்டு வந்தனர். அவர்களுக்கு மாணவியர் விடுதிகளில் இடம் தேடினார். பிறப்பைக் காரணங் காட்டி விடுதிகள் மறுத்தன. (வேற்றூரிற் குடியேறிய நம்மில் பலர், குலமென்ன, உணவென்ன என்று வினவிய வீட்டுக்காரர் வாயிலிலிருந்து திரும்பியவர்களே. நமக்காவது திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது.) முடிவில் தம் வீட்டையே திறந்துவிட்டார். 1930-இல் இவ்வாறு தோன்றியதே ஔவை இல்லம். கல்விக்கு ஒரு பெண்பாற் புலவரின் பெயரைத் தேர்ந்தமை பொருத்தமே!

சாதி வேறுபாடின்றி ஆதரவற்ற பெண்கள் அங்கே சேர்க்கப்பட்டனர். 1936-இல் இல்லம் அடையாறுக்குப் பெயர்ந்தது. உண்டியும் உறையுளும் தந்ததோடு அமையாது, பெண்களைப் படிக்க வைப்பதே அதன் தலையாய பணியாயிற்று. அங்கு வளர்ந்தோர் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் வெளிவந்தனர். அம்மையாரின் சட்டமன்ற உரைகளை நாம் மதிக்கின்றோம். எனினும் எமது கருத்தில், இரவில் விளக்கேற்றிக் கணக்குப் பாடத்தோடு போராடும் சிறுமியின் அருகே ஒருவர் அமர்ந்திருத்தல் அவ்வுரைகளுக்குச் சற்றும் குறைந்ததன்று.

இன்று சிறார் நீதிச் சட்டம், 2015, குழந்தைகளை வேறொரு குடும்பத்தில் வளர்க்கும் ‘வளர்ப்புப் பராமரிப்பு’ முறையை ஏற்றுள்ளது. பதினெட்டு வயது நிரம்பி இல்லத்தை விட்டு வெளியேறுவோர்க்குப் பொருளுதவி வழங்கவும் அதில் இடமுண்டு. பொருளுதவிக்கு விண்ணப்பம் எழுதவும், அலுவலகத்தில் உடன்நின்று பேசவும், தேர்வுக்கு முந்திய வாரம் பாடத்தைத் திருப்பிச் சொல்லித் தரவும் அண்டை அயலார் வேண்டியிருக்கின்றனர்.

அம்மையார் 1930-இல் மன்றத்திற் கொண்டுவந்த பொட்டுக்கட்டுத் தடை மசோதாவின் நோக்கம் 1947-இல்தான் சட்டமாக நிறைவேறியது. முதன்முதல் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்ற பெண்கள் அதற்குள் நடு வயதை நெருங்கியிருந்தனர்.