குடமும் கணக்கும்

உத்திரமேரூரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குடத்தைப் பற்றியே பேசுகிறார்கள். 2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டிய மேடையிலும் அந்த ஊர்ப் பேச்சு வந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம் இருந்தது என்ற திருப்தியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்தில் இருக்கும் எனக்கு உத்திரமேரூர் வடமேற்கே ஐம்பது கிலோமீட்டர் சுமார்தான். அந்தத் திருப்தி மட்டும் இவ்வளவு தூரம் வந்து சேரவில்லை.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பவை இரண்டு ஏற்பாடுகள். முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், 919இல் ஒன்று. 14ஆம் ஆண்டில், 921இல் மற்றது. இரண்டே வருஷத்தில் ஒரு சபை தன் விதியை மாற்றி மறுபடி கல்லில் வெட்டுகிறது என்றால், முதல் விதியில் எங்கோ ஓட்டை இருந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்புவாரியாகப் பேர் எழுதிய ஓலைகளைக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். பாலரும் விருத்தரும் கூடிய மகாசபை நடுவே, மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறு குடத்தில் இட்டுக் குலைத்து, ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். காலம் 360 நாள்.

விரித்த அந்தக் கையைக் கவனிக்க வேண்டும். மூடிய கைக்குள் ஓலை மாறிவிடும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி இது. நம்பிக்கையின் மேல் எழும்பிய ஸ்தாபனமல்ல. அவநம்பிக்கையை ஒழுங்குபடுத்திய ஸ்தாபனம். உப்பு வியாபாரத்தில் கொழுத்த வெனிஸ் நகரமும் 1268 முதல் 1797 வரை தன் தலைவனைத் தேர்ந்தெடுக்கச் சீட்டையும் ஒரு சிறுவனையுமே நம்பியது. பெரியவர்களின் கையைப் பற்றிய அபிப்பிராயம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

விதியின் உயிர் இன்னோர் இடத்தில் இருக்கிறது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பேர் குடத்தில் ஏறாது. அவன் தகப்பன், மகன், மருமகன், மாமன், அத்தை பிள்ளை, சிற்றன்னை பிள்ளை, சகோதரியின் புருஷன் யாருடைய பேரும் ஏறாது. தனிமனிதனை மட்டும் அறிந்த சட்டத்துக்கு இது அநியாயம். ஆனால் நம் மண்ணில் பதவி மனிதனிடம் தங்குவதில்லை, குடும்பத்தில் தங்குகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று தகப்பன் கணக்கு என்னவானாலும் மகனுடைய வேட்புமனு செல்லும். நாம் குடத்தைக் கொண்டாடுகிறோம். இந்த வரிகளை வாசிப்பதில்லை.

குடத்துக்கு வெளியே இருந்தவர்களையும் சொல்லியாக வேண்டும். இது பிரம்மதேய ஊரின் சபை. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35க்கு மேல் 70க்குள் வயது. மிகுந்த கல்வி இருந்தால் அரைக்கால் வேலி போதும். பாத்தியில் உப்பு வாருகிறவனுக்கு அதில் எது உண்டு? மழை மாதங்களில் வேலையே இல்லாத அவன் இன்று பேரூராட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுகிறான். பராந்தகன் காலத்துச் சபை நினைத்தும் பார்க்காத விஷயம் இது, சிறிய விஷயமல்ல.

ஆக, அவர்களிடம் கணக்கு இருந்தது, ஆட்கள் இல்லை. நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். ஏரிக் கணக்குத் தப்பினால் முதலில் வற்றுவது பேர் எழுதப்படாதவனின் கூலி. கணக்கைக் கேட்கும் அவசியம் அன்றும் அவனுக்குத்தான் அதிகம். கேட்கும் இடத்தில் அவன் இல்லை. இப்போது இருக்கிறான்.