சிவப்பு உறைக்குள் ஒரு சந்தாக் கணக்கு

மாதம் பிறந்தால் நம் வங்கிக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் சில நூறு ரூபாய் கழிகிறது. கழித்துக்கொள்ளும் கம்பெனிகளில் ஒன்று நெட்ஃபிளிக்ஸ். அது இணையத்தில் படம் காட்டத் தொடங்கியது 2007இல்தான். அதற்கு முன் தபாலில் படம் அனுப்பியே வளர்ந்தது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வந்தவர்கள் அங்கே தபால் பெட்டியில் அந்தச் சிவப்பு உறையைப் பார்த்திருப்பீர்கள். 25 வருடம் ஓடிய அந்தச் சந்தா கொடுத்த காசுக்குத் தகுந்ததுதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

1997இல் கலிஃபோர்னியாவில் ரீட் ஹேஸ்டிங்ஸ், மார்க் ராண்டால்ஃப் இருவரும் கம்பெனியைத் தொடங்கினார்கள். வீடியோ கேசட் கனமானது, தபாலுக்கு ஆகாது. அப்போதுதான் வந்திருந்த டிவிடி தட்டோ சாதாரணக் கடிதம்போல் போய்விடும். 1998 ஏப்ரலில் தொள்ளாயிரத்துச் சொச்சம் படங்களுடன் கடை திறந்தார்கள். முதலில் ஒவ்வொரு படத்துக்கும் தனி வாடகை. 1999இல் மாதச் சந்தா வந்தது. பிறகு நிலைத்த திட்டம் இதுதான்: ஒரே சமயத்தில் 3 தட்டு உங்கள் வீட்டில் இருக்கலாம், ஒன்றைத் திருப்பினால் அடுத்தது வரும், போக வரத் தபால் செலவு கம்பெனியுடையது, எத்தனை நாள் வைத்திருந்தாலும் அபராதம் இல்லை.

அபராதம் இல்லை என்பதுதான் பெரிய கவர்ச்சி. அந்நாளில் வாடகைக் கடைகளின் ராஜாவாக இருந்த பிளாக்பஸ்டர், 2000ஆம் ஆண்டில் தாமதக் கட்டணமாக மட்டும் சுமார் 80 கோடி டாலர் வசூலித்தது. ஹேஸ்டிங்ஸ் ஒரு படத்துக்கு 40 டாலர் அபராதம் கட்டிய கோபத்தில்தான் நெட்ஃபிளிக்ஸ் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அது விளம்பரத்துக்கு வசதியாக அமைந்த கதை என்று ராண்டால்ஃபே பின்னர் எழுதிவிட்டார்.

இப்போது கணக்கு. 2004 கடைசியில் 3 தட்டுத் திட்டத்துக்கு மாதம் 17.99 டாலர். கடையில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2 படம் பார்த்தவருக்குப் படத்துக்கு 9 டாலர் விழுந்தது, நஷ்டம். 5ஆவது படத்தில்தான் சந்தா முந்துகிறது. திங்கள் வந்ததை இரவே பார்த்து, செவ்வாய் காலை தபாலில் போட்டு, புதன் கிட்டங்கிக்குப் போய், வியாழன் அடுத்தது வந்து என்று விடாமல் சுழற்றினால், ஞாயிறும் விடுமுறையும் போக 20 படம்வரை பார்த்துவிடலாம். அப்போது படத்துக்கு 90 சென்ட்தான்.

அதையே கம்பெனியின் பேரேட்டில் பாருங்கள். அன்று அமெரிக்காவில் கடிதத்துக்குத் தபால்தலை 37 சென்ட். போக வர 74. 20 படத்துக்குத் தபால் மட்டுமே 14.80 டாலர்! மொத்தமாக அனுப்புவதற்குக் கொஞ்சம் தள்ளுபடி உண்டு என்றாலும், தட்டு விலை, சம்பளம், வாடகை எல்லாம் மீதி 3 டாலர் சொச்சத்தில் எப்படி அடங்கும்? அதிகம் பார்க்கிறவர் கம்பெனிக்குச் சுமை. சந்தா கட்டிவிட்டுப் பார்க்காதவர்தான் சொத்து. வங்கி லாக்கரில் இதை நான் கண்டிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவைகூடத் திறக்காதவரும் முழு வாடகை கட்டுகிறார், நம்மைத் தொந்தரவும் செய்வதில்லை.

ஆகவே என்ன செய்தார்கள்? வேகமாகத் திருப்புகிறவர்களுக்கு அடுத்த தட்டு மெதுவாகப் போயிற்று. புதுப்படம் என்றால் குறைவாகப் பார்ப்பவருக்கே முன்னுரிமை. 2004இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு சந்தாதாரர் வழக்குப் போட்டார். அதன்பின் 2005 தொடக்கத்தில் கம்பெனி தன் விதிமுறையிலேயே இதை எழுதிவிட்டது. சமரசம் வந்தது, அதிலும் ஒரு சூட்சுமம்: ஒரு மாதம் இலவசமாகக் கூடுதல் தட்டு, நீங்களாக நிறுத்தாவிட்டால் அடுத்த மாதம் முதல் கட்டணம். அரசின் வர்த்தக ஆணையம் ஆட்சேபித்த பிறகே அந்த வரி நீங்கியது. இலவசச் சலுகையின் கடைசி வரியைப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

பார்க்காதவர்கள் ஏன் பார்க்கவில்லை? 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஆஸ்திரேலியாவில் இதேபோல் தபாலில் படம் அனுப்பிய ஒரு கம்பெனியின் பதிவேடுகளை ஆராய்ந்தது. ஆவணப்படம்போன்ற கனமான படங்கள் வீட்டில் அதிக நாள் கிடந்தன. சண்டைப் படங்கள் சீக்கிரம் திரும்பின. பட்டியல் போடும்போது நாமெல்லாம் அறிஞர்கள். இரவு எட்டு மணிக்குச் சோபாவில் உட்கார்ந்தால் வேறு ஆள்.

என் கணக்கில் அந்தச் சந்தாவின் உண்மையான மதிப்பு வேறோர் இடத்தில் இருந்தது. விலை கொடுத்து வாங்கிய தட்டை வாடகைக்கு விட அமெரிக்கச் சட்டப்படி தயாரிப்பாளரின் அனுமதி வேண்டாம். அங்கே உச்ச நீதிமன்றம் 1908இல் ஒரு புத்தக வழக்கில் ஏற்ற கொள்கை அது. அதனால் பழைய படம், பிறமொழிப் படம் என்று ஒரு லட்சம் தலைப்புகளை அவர்களால் அடுக்கிவைக்க முடிந்தது. இணையத்தில் காட்ட ஒவ்வொன்றுக்கும் உரிமம் வாங்க வேண்டும். கெடு முடிந்தால் படம் காணாமல் போகும். நேற்று இருந்த படம் இன்று இல்லையே என்று நீங்கள் தேடுவது இதனால்தான்.

2011இல் தட்டையும் இணையத்தையும் பிரித்து, 9.99 டாலராக இருந்ததை இரண்டுக்கும் சேர்த்து 15.98 ஆக்கினார்கள். மூன்றே மாதத்தில் 8 லட்சம் பேர் விலகினார்கள். மற்றவர்கள் மெல்ல மெல்ல இணையத்துக்கு மாறினார்கள். 2023 செப்டம்பர் 29இல் கடைசி உறை கிளம்பியது. அதுவரை அனுப்பியவை 520 கோடி தட்டுக்கு மேல். கையில் இருந்த தட்டைத் திருப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விருப்பம் தெரிவித்திருந்தவர்களில் சிலருக்குக் கூடுதலாக 10 தட்டுவரை, என்ன படம் என்று சொல்லாமலே, வந்து சேர்ந்தது.